சொக்கனுக்கு ஒரு கட்டு அகத்தி

எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் அம்மா, நான் ஆடு வளர்ப்பதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் வந்து முருங்கை ஒரு கட்டு, அகத்தி ஒரு கட்டு என்று வாங்கிப் போகிற ஆளைப் பற்றி வேறென்ன நினைப்பது? ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏன் தம்பி, மாடி வீட்ல ஆடா கட்டிவெச்சிருக்க?"

"ஆடு இல்லம்மா. ஓணான் மாதிரி ஒண்ணு. வெளிநாட்டு ஓணான்."

"ஓணானுக்கா அகத்தி?" காசை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூச்சி புடிச்சுப் போடாம கீரையப் போட்டா அது எப்படிப்பா உசுரோட இருக்கும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நானும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன். விடை தெரிவதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது, சொக்கனின் தாடையும் கோணிவிட்டது.

சொக்கன் ஒரு பச்சை இகுவானா. 2019 ஜனவரியில் அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது, கண்ணாடித் தொட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்போது வாலையும் சேர்த்து ஒரு அடி நீளம் இருக்கும். வாழைக்குருத்து நிறம், கழுத்துக்குக் கீழே தொங்கும் சின்னத் தாடி, யாரையும் சட்டை செய்யாத பார்வை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. அம்மா மட்டும், "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா இருக்குடா" என்றாள். இது வேலியில் போன ஓணான் இல்லை, மெக்ஸிகோவிலிருந்து பிரேசில்வரை காடுகளில் வாழ்கிற இனம் என்று விளக்கினேன். "அப்ப அங்கயே விட்டிருக்கலாம்ல" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

செல்லப்பிராணிக் கடை ஒன்றில் போய் விசாரித்தேன். லெட்யூஸ் போடுங்கள், வெள்ளரிக்காய் போடுங்கள், வாழைப்பழம் நன்றாகச் சாப்பிடும், ஞாயிற்றுக்கிழமை அரை முட்டை வேகவைத்துக் கொடுங்கள், வளர்கிற உயிர், புரோட்டீன் வேண்டும் என்றார்கள். கூடவே சூடேறும் கல் ஒன்றையும் விற்றார்கள். தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் வெயிலும் கிடைத்துவிடும் என்றார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் தப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சொக்கன் நன்றாகச் சாப்பிட்டான். வாழைப்பழத்தைக் கண்டால் ஓடி வருவான். எட்டாவது மாதத்தில் பின்னங்கால் தொடைகள் இரண்டும் உருண்டு திரண்டு வந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "தொடையப் பாருங்க, எப்படித் தேறிட்டான்" என்று காட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது சதை இல்லை, நோய்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு வாரம் வெயிலே தலைகாட்டவில்லை. ஒருநாள் காலை தட்டை வைத்தபோது அவன் முன்னங்கால் விரல்கள் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. வீணைத் தந்தியை மீட்டிவிட்டு விரலை எடுத்த பிறகும் அதிருமே, அப்படி. ஏதோ கனவு காண்கிறான் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தூக்கியபோது கீழ்த்தாடையில் என் கட்டைவிரல் பட்டது. எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பர் மாதிரி அமுங்கியது.

ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரைக் கண்டுபிடிப்பதற்கே நான்கு நாள் ஆயிற்று. நாய், பூனை பார்க்கிறவர்கள் பலர். பல்லி என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். கடைசியில் கிடைத்தவர் எக்ஸ்ரேயை விளக்கின் எதிரே பிடித்துக் காட்டினார். "சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியுதா பாருங்க" என்றார். எனக்குத் தெரியவில்லை. "தெரியாது. அதான் வியாதி."

வளர்சிதை எலும்பு நோய் என்று இதற்குப் பெயர். வீட்டில் வளரும் இகுவானாக்களுக்கு அடிக்கடி வருகிற வியாதிகளில் ஒன்று. ரத்தத்தில் கால்சியம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தசை வேலை செய்யாது, இதயமும் தசைதானே. அதனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து போன இடத்தில் முட்டுக் கொடுக்கிற மாதிரி நார்த்திசு வந்து நிறையும். நான் ஊருக்கெல்லாம் காட்டிய தொடை அதுதான். இரும்புக் கம்பியை உருவிவிட்டுப் பஞ்சை அடைத்த தூண். விரல் துடித்தது, எடுத்துக்கொள்ள எலும்பிலும் மிச்சமில்லை என்பதற்கு அடையாளம்.

சரி, கால்சியம் எப்படிக் குறைந்தது? இரண்டு வழியில். ஒன்று தட்டு, இன்னொன்று கண்ணாடி.

தட்டை முதலில் சொல்கிறேன். கால்சியம் எவ்வளவு என்பதோடு கூடவே பாஸ்பரஸ் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். இகுவானாவுக்கு இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கில் உணவு இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மிஞ்சினால், உள்ளே போகிற கொஞ்ச கால்சியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வாழைப்பழத்தில் கால்சியத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் பாஸ்பரஸ். வெள்ளரியிலும் பாஸ்பரஸ்தான் கூடுதல். லெட்யூஸ் என்று நாம் வாங்குகிற வெளிறிய வகை பெரும்பாலும் தண்ணீர். முட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் நாள் தவறாமல், பாசத்தோடு, அவன் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டை, இறைச்சி, பூச்சி எதுவுமே இகுவானாவுக்கு ஆகாது. பழைய வளர்ப்புப் புத்தகங்களில் நாய்த் தீவனம்கூடக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நம் ஊர் உடும்பைப் பார்த்த கண்ணுக்கு இதுவும் அப்படித்தான் தோன்றும். உடும்பு மாமிசம் தின்பது; எலி, முட்டை, பூச்சி என்று எதையும் விடாது. இகுவானாவோ உருவத்தில்தான் உடும்பின் தங்கச்சி, வயிற்றால் மாடு. மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கிற வேலை இதற்குப் பெருங்குடலில் நடக்கிறது. அங்கே தடுப்புத் தடுப்பாக மடிப்புகள், அதற்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிரிகள், அவைதான் இலையின் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு இந்த நுண்ணுயிரிகள் கிடையாது. அது பெரிய இகுவானாக்களைத் தேடிப்போய் அவற்றின் சாணத்தைத் தின்று குடலுக்குள் குடியேற்றிக்கொள்கிறது. 1980களின் தொடக்கத்தில் பனாமாவில் கேத்தரின் ட்ராயர் என்ற ஆய்வாளர் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். குஞ்சிலிருந்தே இலைதான். மாமிசப் புரதத்தைத் தொடர்ந்து கொடுத்தால் யூரிக் அமிலம் ஏறி, மூட்டில் படிந்து, சிறுநீரகத்தைத் தின்றுவிடும். அது ஆறேழு வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை முட்டையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கண்ணாடி விஷயம் இன்னும் எளிது, ஆனால் எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது. தோலில் புற ஊதா பி கதிர் பட்டால்தான் இகுவானாவின் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இல்லாவிட்டால் கால்சியத்தைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாலும் குடல் அதை எடுத்துக்கொள்ளாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். வருடம் முழுக்க வெயில் கொளுத்துகிற சென்னையில், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, என் சொக்கன் வெயில் இல்லாமல் எலும்புருகிக் கிடந்தான்.

சூடேறும் கல்லையும் மருத்துவர் தூக்கி எறியச் சொன்னார். இகுவானாவுக்கு மேலிருந்து வருகிற சூடுதான் சூரியன். வயிற்றுக்குக் கீழே இருக்கிற சூட்டை அது சரியாக உணராது, தோல் வெந்துபோகும்வரை படுத்திருக்கும்.

அடுத்த நான்கு மாதம் தினமும் இரண்டு வேளை, ஊசி இல்லாத சிரிஞ்சில் கால்சியம் சிரப். வாயைத் திறக்க வைக்கத் தாடையை அழுத்தக் கூடாது, உடைந்துவிடும். அதனால் மூக்கு நுனியில் ஒரு துளி வைத்தால் நாக்கை நீட்டி நக்குவான், அந்தச் சமயம் ஓரமாக விட வேண்டும். பத்துச் சொட்டு உள்ளே போக இருபது நிமிடம். முதல் வாரம் மருத்துவரிடம் ஊசியும் போட்டுக்கொண்டோம். துடிப்பு சில நாளில் நின்றது. தாடை இறுகுவதற்கு மாதங்கள் ஆயின, இறுகும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே இறுகிவிட்டது. இப்போதும் வாயை மூடினால் ஒரு ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஈறு தெரியும். யாரையோ பார்த்து நக்கலாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

உணவுக்கு மருத்துவர் கொடுத்த பட்டியலில் காலர்ட் கீரை, டேன்டிலயன் கீரை என்று இருந்தது. அமெரிக்கப் பட்டியல். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தேன். அம்மாதான், "எதுக்குடா அலையற? மாடு திங்கிறத குடு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அமாவாசை அன்று பசுவுக்குக் கொடுக்கிற அகத்தி அவள் மனதில் இருந்திருக்கும். நான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 100 கிராம் அகத்தியில் கால்சியம் 1130 மில்லிகிராம், பாஸ்பரஸ் 80. முருங்கைக்கீரையில் 440, பாஸ்பரஸ் 70. தெருமுனையில் சாக்கு விரித்து வைத்திருக்கிற பொருளை விட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியில் குளிரூட்டி வைத்த லெட்யூஸுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது அவன் தட்டு இப்படி இருக்கும். முக்கால் பங்குக்கு மேல் கீரை: முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலை, கிடைத்தால் முசுக்கொட்டை இலை, கொஞ்சம் வெந்தயக்கீரை. எதையும் தினம் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. அதன்மேல் துருவிய மஞ்சள் பூசணி, பீன்ஸ் அல்லது அவரை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பப்பாளியோ அத்தியோ, விருந்தாளிக்கு வைக்கிற ஊறுகாய் அளவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செம்பருத்திப் பூ. சிவப்பைத்தான் முதலில் கவ்வுவான். இகுவானாவுக்கு மென்று தின்னத் தெரியாது, பிய்த்து விழுங்கும். அதனால் எதையும் பொடியாக நறுக்கித்தான் வைக்க வேண்டும். கீரையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து அலசி, நல்ல தண்ணீரில் மறுபடி கழுவுவேன். நர்சரியில் வாங்கிய செம்பருத்திச் செடியில் முதல் மூன்று மாதம் ஒரு இலைகூடப் பறிக்கவில்லை. என்ன மருந்து அடித்திருப்பார்களோ.

கீரை என்றால் எல்லாக் கீரையும் இல்லை. பாலக், பசலை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எப்போதாவது ஒரு கொத்து போனால் பரவாயில்லை, அன்றாடம் கூடாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையும் அப்படித்தான், தினமும் போட்டால் தைராய்டைக் கெடுக்கும். பட்டர் ஃப்ரூட் விஷம், கண்ணிலேயே காட்டக் கூடாது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது ஆளுக்கொரு வாய் கொடுக்கிற பழக்கத்தை நிறுத்த அம்மாவோடு நான் நடத்திய யுத்தம் தனிக்கதை.

தட்டைக் காலை எட்டு மணிக்குள் வைத்துவிடுவேன். காரணம் இருக்கிறது. குடலில் நொதிக்கிற வேலைக்குச் சூடு வேண்டும். மாவு புளிக்கிற மாதிரிதான், குளிரில் பொங்காது. தின்றுவிட்டு 35 முதல் 38 டிகிரி சூட்டில் பகலெல்லாம் படுத்தால்தான் செரிக்கும். சாயங்காலம் கொடுத்தால் இலை வயிற்றிலேயே கிடக்கும். குளிர் என்றதும் நினைவுக்கு வருகிறது: அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் வீட்டிலிருந்து தப்பியும் கப்பலில் வந்தும் காடேறிய இகுவானாக்கள் ஏராளம். குளிர் அலை வந்தால் அவை உடம்பு விறைத்து மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழும். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம், இகுவானா விழலாம், ஆச்சரியப்படாதீர்கள் என்று அறிவிப்பே விட்டது. சென்னையில் அந்தக் கவலை இல்லை. மார்கழி ராத்திரிக்கு மட்டும் ஒரு சூட்டு விளக்கு, வெளிச்சம் தராத பீங்கான் வகை. ராத்திரி அவனுக்கு இருட்டு வேண்டும்.

நம் ஊரில் பிரச்சினை நேர்மாறு, வெயில். கண்ணாடித் தொட்டியை எடுத்துப் போட்டுவிட்டு, பால்கனியில் ஆறடிக்கு ஆறடி கம்பி வலைக் கூண்டு அடித்தேன். குறுக்கே மூன்று கொய்யாக் கிளைகள். மரத்தில் வாழ்கிற பிராணிக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். பாதிக் கூண்டுக்கு எப்போதும் நிழல் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால், போதும் உள்ளே தூக்கு என்று அர்த்தம். ஏழு மணி இளவெயிலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பிரயோஜனம் குறைவு. சூரியன் நன்றாக மேலேறிய பிறகுதான் அந்தக் கதிர் போதுமான அளவு இறங்கும். ஒன்பதரையிலிருந்து பத்தரை எங்கள் நேரம். மழைக்காலத்துக்குப் புற ஊதா பி ட்யூப் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

காலையில் கூண்டுக் கம்பியில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். முதலில் பார்த்தபோது சளி என்று பயந்தேன், விடாமல் தும்மல் வேறு. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். உப்பு. மூக்குக்குள் இருக்கிற சுரப்பி வழியாக உடம்பில் மிகுந்த உப்பைத் தும்மியே வெளியேற்றிவிடும். உப்பைச் சுவைத்ததைவிட அந்த விரலைக் கழுவாததுதான் பெரிய தப்பு. ஆரோக்கியமான இகுவானாவின் குடலிலும் சால்மொனெல்லா என்ற, மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கும். வாரம் மூன்று நாள் சொக்கனை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வைப்பேன், அந்தத் தொட்டி தனி, பிரஷ் தனி, சமையலறைப் பக்கம் வரவே கூடாது.

2022 மாசியில் சொக்கன் சாப்பாட்டை நிறுத்தினான். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. ஆனால் ஆள் துடிப்பாக இருந்தான். கூண்டைத் திறந்தால் நேரே செம்பருத்தித் தொட்டிக்குப் போய் மண்ணைப் பறிப்பான். இரண்டு நாளில் செடி வேரோடு சாய்ந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்த முறை எலும்பு பளிச்சென்று தெரிந்தது, வயிறு முழுக்க வட்டம் வட்டமாக வேறெதுவோவும் தெரிந்தது.

"இவன் இல்லைங்க, இவள்" என்றார் மருத்துவர்.

ஆண் துணை இல்லாமலே பெண் இகுவானா முட்டை வைக்கும். இருபதிலிருந்து எழுபதுவரை வைக்கலாம். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே தங்க வைத்துச் செத்தும் போகும். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஈர மணலும் செம்மண்ணும் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்பி, பக்கவாட்டில் நுழைய ஓட்டை போட்டு வைத்தேன். மூன்று நாள் தோண்டினாள், மூடினாள், மறுபடி தோண்டினாள். நான்காம் நாள் காலை 34 முட்டை. தோல் மாதிரி மெத்தென்ற ஓடு, வெளிர் மஞ்சள். அவளோ முதுகெலும்பு துருத்திக்கொண்டு, வயிறு காலிப் பையாகத் தொங்க, தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக ஊட்டிய அகத்தி இல்லாவிட்டால் அன்றைக்கே போயிருப்பாள் என்றார் மருத்துவர்.

"சொக்கன்னு பேரு வெச்சுப் பிரசவம் பாத்த மொத ஆளு நீதான்டா" என்றாள் அம்மா. பேரை மாற்றவில்லை. எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பப் போவதில்லை.

யாராவது எங்கே வாங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். இகுவானா, காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற இனம். 2022இல் நம் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி இத்தகைய இனங்களைத் தனி அட்டவணையாகச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி வைத்திருக்கிறவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் 2020இல் மத்திய அரசு தானாக முன்வந்து தெரிவிக்கச் சொன்னபோதே எழுதிக் கொடுத்துவிட்டேன், பிறகு பரிவேஷிலும் ஏற்றினேன். காகிதம் இல்லாமல் விற்கிற குட்டி பெரும்பாலும் யாருடைய பெட்டியிலோ, காலுறைக்குள் சுருட்டி, விமானத்தில் வந்ததாக இருக்கும். அப்புறம் இன்னொன்று: இன்றைக்கு உள்ளங்கையில் உட்காருகிற குட்டி மூன்று நான்கு வருடத்தில் நாலரை, ஐந்து அடி ஆகும், பதினைந்து வருடம் இருக்கும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கீரைக்காரம்மா இப்போதெல்லாம் அமாவாசைக்கு முந்தின நாளே போன் செய்துவிடுகிறார். அன்றைக்கு அகத்திக்குக் கிராக்கி, பசுவுக்குக் கொடுக்க ஏழு மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். "உம் பொண்ணுக்கு ஒரு கட்டு எடுத்து வெச்சிருக்கேன், சீக்கிரம் வா" என்பார். நேற்று அதை வாங்கி வந்து கூண்டைத் திறக்கும்போதுதான் ட்யூபின் ஓரத்தில் மார்க்கரில் நான் எழுதி வைத்த தேதி கண்ணில் பட்டது. பதினோரு மாதம் ஆகிறது. எரிவதென்னவோ பளிச்சென்றுதான் எரிகிறது, ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதில் கதிர் வற்றிவிடும், நம் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசிக்குள் மாற்ற வேண்டும்.